கார்டு விலையை மட்டும் வகுக்காதீர்கள்: காரைக்குடி வெயிலில் ஒரு கிராபிக்ஸ் கார்டு கணக்கு

"முப்பதுக்குள்ள எந்தக் கார்டுண்ணே எடுக்கலாம்?"

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். கேள்வியில் பணம் இருக்கிறது: கம்ப்யூட்டரில் விளையாட்டுப் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கு முப்பதாயிரம் ரூபாய். மானிட்டர் என்ன, பிராசசர் என்ன, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், பெட்டி (சிபியு) எந்த அறையில் இருக்கிறது என்பதெல்லாம் இல்லை. இந்த நாலும் தெரியாமல் கார்டு பெயரைச் சொல்வது, நிலைவாசலைப் பார்க்காமலே கதவுக்குத் தேக்கு அளவு சொல்வது மாதிரி.

வீடியோ விமர்சனங்களில் கடைசியில் ஒரு பட்டியல் போடுவார்கள்: கார்டின் விலையை சராசரி ஃபிரேமால் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) வகுத்து, ஒரு ஃபிரேமுக்கு இத்தனை ரூபாய் என்று. அந்த எண்ணை அப்படியே நம்பிப் பணம் கட்டுவதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தப்பு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கீழே வருபவை இன்றைய கடை விலை அல்ல, வகுத்தல் புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

முதல் கார்டு 30,000 ரூபாய், 100 ஃபிரேம். இரண்டாவது 42,000 ரூபாய், 120 ஃபிரேம். கார்டை மட்டும் வகுத்தால் முதலாவது ஃபிரேமுக்கு 300 ரூபாய், இரண்டாவது 350. முதல் கார்டுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் கார்டு மட்டும் தனியாக ஓடாது. பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் சேர்த்து இன்னொரு 45,000 ஆகிறது என்று வையுங்கள். முதல் பெட்டி 75,000, ஃபிரேமுக்கு 750. இரண்டாவது பெட்டி 87,000, ஃபிரேமுக்கு 725. முடிவு தலைகீழாகிவிட்டது. புதிதாக முழுப் பெட்டியும் கட்டுபவருக்கு விலை கூடிய கார்டுதான் மலிவு.

இப்போது ஆளை மாற்றுங்கள். ஏற்கெனவே பெட்டி இருக்கிறது, பழைய கார்டு 60 ஃபிரேம் தருகிறது, விற்றால் 8,000 கிடைக்கும். முதல் கார்டுக்குக் கையிலிருந்து போவது 22,000, கூடுவது 40 ஃபிரேம், ஃபிரேமுக்கு 550. இரண்டாவதற்கு 34,000, கூடுவது 60, ஏறக்குறைய 567. வித்தியாசமே இல்லை. ஆனால் இரண்டாவது கார்டுக்காக எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டி 6,000 கூடினால் 667 ஆகிவிடும். அதே ஆள் மேசையில் இருப்பது 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 தடவை மட்டும் படம் மாற்றும்) மானிட்டர் என்றால், 100 ஃபிரேம் வந்தாலும் திரையில் தெரிவது 75 தான். கண்ணுக்குக் கூடியது 15 ஃபிரேம், செலவு 22,000. ஒரு ஃபிரேம் 1,467 ரூபாய். அந்தப் பணத்தில் 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் முதலில் வாங்கியிருந்தால், பழைய கார்டிலேயே, அதிகம் சுமை தராத வேலரன்ட்டும் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-ம் வேறு விளையாட்டாகத் தெரிந்திருக்கும்.

இதுதான் சொல்ல வந்த விஷயம். வகுக்க வேண்டியது கார்டு விலையை அல்ல, உங்கள் கையிலிருந்து உண்மையில் போகும் பணத்தை. வகுக்கும் ஃபிரேமும் விமர்சகரின் மேசையில் வந்தது அல்ல, உங்கள் திரையில் தெரியப் போவது. பேரேட்டில் வரவும் பற்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டாமா?

உங்கள் திரையில் எத்தனை ஃபிரேம் வரும்

விமர்சகர்கள் கார்டைச் சோதிக்கும்போது ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற உச்ச பிராசசரைப் போடுவார்கள். கார்டுக்கு முட்டுக்கட்டை இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வது சரியே. ஆனால் நம் வீட்டில் இருப்பது ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், சில வீடுகளில் அதைவிடப் பழையது. ஆகவே இரண்டு விமர்சனம் பார்க்க வேண்டும். நீங்கள் ஆடும் விளையாட்டில் உங்கள் பிராசசர் அதிகபட்சம் எத்தனை ஃபிரேம் கொடுக்கிறது என்பதை பிராசசர் சோதனையில் பாருங்கள். அதே விளையாட்டில், உங்கள் ரெசல்யூஷனில் (திரையின் புள்ளி எண்ணிக்கை), கார்டு எத்தனை கொடுக்கிறது என்பதை கார்டு சோதனையில் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு. பிராசசர் 110-ல் நின்றுவிடும் என்றால் 160 தரும் கார்டுக்கும் 115 தரும் கார்டுக்கும் உங்கள் மேசையில் வித்தியாசம் கிடையாது.

ரெசல்யூஷன் ஏறினால் சுமை கார்டு பக்கம் சாயும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம், அதாவது 78 சதவீதம் கூடுதல். 4கே என்றால் 82.9 லட்சம், 1080பி-யைப் போல நாலு மடங்கு. ஆகவே 1440பி மானிட்டர் வைத்திருப்பவர் சுமாரான பிராசசரோடும் நல்ல கார்டு போடலாம், வீணாகாது. 1080பி-யில் போட்டி விளையாட்டு மட்டும் ஆடுபவர் கார்டில் மிச்சம் பிடித்து பிராசசரிலும் ரேமிலும் போடுவது நல்லது. 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுவதும், போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்குவதும் பல பெட்டிகளில் நல்ல மாற்றம் காட்டும். டிடிஆர்4 3200 ரேம் வாங்கி வைத்து, எக்ஸ்எம்பி போடாததால் அது 2133 அல்லது 2400-லேயே ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஏராளம்.

சராசரி ஃபிரேமைவிட 1 சதவீதத் தாழ்வு என்ற எண்ணைக் கவனியுங்கள்; ஓட்டத்தின் மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் 6.9. சராசரி 90 காட்டி தாழ்வு 30-க்கு விழும் கார்டு, சராசரி 75-ம் தாழ்வு 60-ம் உள்ள கார்டைவிடக் கையில் மோசமாக உணரும். திக்கித் திக்கி நகரும் அந்த உணர்வுக்கு முதல் காரணம் பல நேரங்களில் கார்டின் சொந்த நினைவகமான வி-ரேம் போதாமை.

8 ஜிபி-யும் அதன் குழாயும்

வி-ரேம் நிரம்பி வழிந்தால் என்ன ஆகிறது? கார்டில் இடமில்லாத டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போகும். தேவைப்படும்போதெல்லாம் அவை கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாக வந்து போக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060-இன் நினைவகம் நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் பேசுகிறது. பிசிஐஇ 4.0 எட்டு லேன் (தரவு ஓடும் தடம்) வழியாக வருவது நொடிக்குச் சுமார் 15.8 ஜிபி. பிசிஐஇ 3.0 எட்டு லேன் என்றால் அதிலும் பாதி, 7.9 தான். ஊருணியில் தண்ணீர் நிறைய இருந்தாலும் வீட்டுக்கு வரும் குழாய் அரை அங்குலம் என்றால் அரை அங்குலத்துக்குத்தான் வரும்.

இங்கேதான் நம் ஊரில் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. 2021-ல் கார்டு கிடைக்காத காலத்தில், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்று பலரும் ரைசன் 5 5600ஜி வாங்கினார்கள். பிறகு கார்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை சரியானதுதான். ஆனால் 5600ஜி கொடுப்பது பிசிஐஇ 3.0 மட்டும். ரைசன் 5 5500-ம் அப்படியே. போர்டு பி550 ஆக இருந்து, அட்டைப் பெட்டியில் 4.0 என்று அச்சடித்திருந்தாலும் பயன் இல்லை. வேகத்தை முடிவு செய்வது பிராசசர். அதில் எட்டு லேன் மட்டும் உள்ள 8 ஜிபி கார்டைப் போட்டால் மேலே சொன்ன 7.9 ஜிபி குழாய்தான். வி-ரேம் நிரம்பாத வரை இழப்பு சில சதவீதம். நிரம்பினால் தாழ்வு எண் சரிந்துவிடும். ரைசன் 5 8500ஜி-யிலும் இதே நெருக்கடிதான்: 4.0 ஆனாலும் கார்டுக்கு நாலு லேன் மட்டுமே ஒதுக்குகிறது.

எட்டு லேன் கார்டுகள் எவை? ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, ஆர்க் பி580 எல்லாம் எட்டுதான். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி முழு 16 லேன். ஆகவே பி450 போர்டு, 5600ஜி போன்ற பழைய வழி வைத்திருப்பவருக்கு 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி வடிவம் இரண்டு வகையில் ஏற்றது: வழிய விடாத நினைவகம், வழிந்தாலும் அகலமான குழாய். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகவே வேண்டாம். 4 ஜிபி நினைவகம், நாலு லேன், வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் கிடையாது.

8 ஜிபி போதுமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. வேலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக், ஜிடிஏ 5, கிரிக்கெட், ஃபுட்பால் விளையாட்டுகள் 1080பி-யில் என்றால் தாராளமாகப் போதும். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகளை உயர்ந்த டெக்ஸ்சரில் ஓட்ட வேண்டும், ரே ட்ரேசிங்கும் (ஒளி, நிழலைக் கணக்கிட்டு வரைவது) வேண்டும் என்றால் 8 ஜிபி இப்போதே இடிக்கிறது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் ஓடும். நாலு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல என்பது என் முடிவு. 4060 டிஐ, 5060 டிஐ, 9060 எக்ஸ்டி மூன்றும் ஒரே பெயரில் 8, 16 என இரண்டு வடிவத்தில் வந்திருக்கின்றன. ஆன்லைனில் பெயரை மட்டும் பார்த்து, விலை குறைவு என்று 8-ஐ வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060-ல் இது இன்னும் மோசம்: 12 ஜிபி வடிவத்துக்கு 192 பிட் பாதை, நொடிக்கு 360 ஜிபி, பிறகு வந்த 8 ஜிபி வடிவத்துக்கு 128 பிட், 240 ஜிபி. பெயர் ஒன்று, வேகம் வேறு.

பாதை அகலத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. பிட் அகலத்தை நினைவக வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவதுதான் உண்மையான எண். 4060: 128 பெருக்கல் 17, வகுத்தல் 8, 272 ஜிபி. 5060-க்கும் அதே 128 பிட், ஆனால் ஜிடிடிஆர்7 நினைவகம் 28 வேகத்தில் ஓடுவதால் 448. இதுவும் ஒரு காரணமாக, 1080பி-யில் 5060 தன் முந்தைய தலைமுறையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அல்லது சற்று மேல் முன்னால் நிற்கிறது.

எந்தக் கார்டுக்கு எத்தனை கொடுக்கலாம்

அமெரிக்காவில் அறிவிக்கும் டாலர் விலையில் வரி கிடையாது. நம் கடை விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், 85-ஐ 1.18-ஆல் பெருக்க 100 வருகிறது. ஆகவே அறிவித்த டாலர் விலைக்குப் பின்னால் இரண்டு பூஜ்ஜியம் போட்டால் நியாயமான இந்திய விலை கிடைத்துவிடும். டாலர் 90 ஆனால் 106-ஆல் பெருக்குங்கள். 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-க்கு அறிவித்தது 299 டாலர், ஏறக்குறைய 30,000. 5060 டிஐ 16 ஜிபி 429, அதாவது 43,000. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 349, அதாவது 35,000. 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580 12 ஜிபி 249, அதாவது 25,000. கடைக்காரர் சொல்லும் விலை இந்தக் கோட்டுக்கு மேல் எத்தனை சதவீதம் நிற்கிறது என்று பாருங்கள். 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதில் 16 ஜிபி கார்டுகளுக்குத்தான் அடி அதிகம். கோட்டுக்கு மேல் 10 சதவீதம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அடுத்த கார்டோடு ஒப்பிட்டு மறுபடி வகுங்கள்.

ரே ட்ரேசிங் இல்லாத சாதாரண ஓட்டத்தில் 5060 டிஐ-யும் 9060 எக்ஸ்டி 16 ஜிபி-யும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 5060 டிஐ சில சதவீதம் முன்னால். அறிவித்த விலையில் 80 டாலர் வித்தியாசம் இருக்கும்போது, விளையாட்டு மட்டும் என்றால் 9060 எக்ஸ்டி-க்குத்தான் என் ஓட்டு. பிளெண்டர் (முப்பரிமாண வரைகலை), என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருள் தேவைப்படும் கல்லூரி வேலை, இயந்திரக் கற்றல் என்று இருந்தால் என்விடியா. கல்யாண வீடியோ எடிட்டிங்கும் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் இன்னொரு ஆதாயம் உண்டு. இப்போதைய கேமராக்கள் பதியும் 4:2:2 10 பிட் காட்சிகளைக் கார்டே நேரடியாக விரித்துக் கொடுக்கிறது, டைம்லைன் இழுக்காது. முந்தைய 40 வரிசை அதைச் செய்யாது.

பி580 நல்ல கார்டு, ஆனால் எல்லாப் பெட்டிக்கும் அல்ல. பயாஸில் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே தடவையில் அணுக விடும் அமைப்பு) இயங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் செயல்திறன் பாதாளத்துக்குப் போகும். பழைய ஆறு கோர் பிராசசர்களோடு போட்டால் சில விளையாட்டுகளில் விமர்சனத்தில் காட்டிய எண் வராது, ஏனென்றால் அதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குகிறது. மலிவுக் கார்டைப் பழைய பெட்டியில் போடத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த மலிவுக் கார்டோ புதுப் பெட்டியைக் கேட்கிறது.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் என்ற ஃபிரேம் கூட்டும் நுட்பங்கள் பற்றி ஒரே எச்சரிக்கை. படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங் வேறு, நடுவில் ஃபிரேமை உருவாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் வேறு. 1440பி-யில் குவாலிட்டி நிலை என்றால் உள்ளே 960பி-யில்தான் வரைகிறது. படம் நன்றாகவே இருக்கும், அந்த ஃபிரேம்களைக் கணக்கில் சேர்க்கலாம். செருகிய ஃபிரேம்களைச் சேர்க்காதீர்கள். மவுஸை அசைத்தால் பதில் வரும் வேகம் அதில் கூடாது, அடிப்படை 60 ஃபிரேமாவது இல்லாவிட்டால் கை கனக்கும். அதோடு அந்த வேலைக்கே கொஞ்சம் வி-ரேம் போகும் என்பதால், ஏற்கெனவே திணறும் 8 ஜிபி கார்டில் அதைப் போட்டு நிலைமை மோசமாவதும் உண்டு. விளம்பரப் படத்தில் இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று உயர்ந்து நிற்கும் தூண்களில் பாதியோ அதற்கு மேலோ இந்தச் செருகல்தான்.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு: ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டு டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். 1060, 1070 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இனி வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரில் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லை. அதைக் கட்டாயமாக்கிய புது விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்று இருந்தால் அது ஏறக்குறைய 570 தான். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கார்டின் கணிப்பு அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள்: 2304 இருந்தால் முழு 580. அலுவலகத்தில் கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டிகளை வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவற்றில் பலவற்றில் கார்டுக்கு எட்டு முள் இணைப்பே இருக்காது, வேறு எஸ்எம்பிஎஸ்-ம் பொருந்தாது. அங்கே பொருந்துவது ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம்: 70 வாட், ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், உயரம் குறைந்த வடிவமும் உண்டு.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் கார்டு வாங்கிவரச் சொல்வது நம் பக்கம் வழக்கம். விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தை வாங்கிய நாட்டோடு கட்டிவைக்கின்றன. அந்த மாடலுக்கு உலக உத்தரவாதம் உண்டா, சீரியல் எண்ணை வைத்துப் பார்ப்பார்களா, பில் வேண்டுமா என்று கேட்ட பிறகு பணம் அனுப்புங்கள். மூன்று வருட உத்தரவாதம் இல்லாத கார்டு குறைந்தது 15 சதவீதமாவது மலிவாக இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். உள்ளூரில் வாங்கினாலும் இதே கேள்வி உண்டு: பழுதானால் கடைக்காரர் தானே சர்வீஸுக்கு அனுப்புவாரா, நீங்களே மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? இரண்டு பக்கமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போக வர இரண்டு தடவை என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு.

வெயில், செம்மண், கரண்ட்

விமர்சனங்கள் 21, 22 டிகிரி அறையில் நடக்கின்றன. சித்திரையில் நம் மாடி அறை 36, 37-ல் நிற்கும். அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். விமர்சனத்தில் 68 காட்டிய கார்டு இங்கே 83-ஐத் தொடுவது இதனால்தான். கார்டில் குறை இல்லை. சூடு ஏறினால் முதலில் விசிறி கத்தும், பிறகு கிளாக் (கார்டு ஓடும் வேகம்) இறங்கும், வாங்கிய ஃபிரேமில் கொஞ்சம் கரைந்துபோகும். பழைய செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு இயற்கையே ஓர் உதவி செய்திருக்கிறது: தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கீழ்த்தள அறை, மேலே போட்ட கான்கிரீட் அறையைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். ஆனால் அதே வீட்டின் சுவர் அலமாரிக்குள் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினால் எல்லாம் போச்சு. 145 வாட் கார்டும் 65 வாட் பிராசசரும் சேர்ந்தால் உள்ளே எப்போதும் எரியும் ஒரு சின்ன அடுப்பு. பின்பக்கம் குறைந்தது ஒரு சாண் இடம் விடுங்கள்.

மூன்று விசிறிக் கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவது நம் வெயிலுக்குப் பலன் அதிகம் தரும், காசும் செலவில்லை. என்விடியா கார்டு என்றால் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் நிறுவி, பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஃபிரேம் 5 சதவீத அளவுக்குத்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும். இன்னும் நுணுக்கமாகச் செய்ய, கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் மின்னழுத்தமும் வேகமும் காட்டும் வளைகோடு திறக்கும். 4060 போன்ற கார்டில் 950 மில்லிவோல்ட் புள்ளியை 2550 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்த்தி, அதன் வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாம் அதே உயரத்தில் தட்டையாக இருக்கும்படி செய்து அப்ளை கொடுங்கள். விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டால் 30 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். ஏஎம்டி 9060 எக்ஸ்டி போன்ற கார்டில் அட்ரினலின் மென்பொருளில், டியூனிங் பகுதியில், வோல்டேஜை மைனஸ் 40 மில்லிவோல்ட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறக்கலாம். ஒரு விளையாட்டில் நின்றது என்பதால் எல்லாவற்றிலும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். ரே ட்ரேசிங் உள்ள விளையாட்டில் அரை மணி நேரம் ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

ஃபிரேமுக்கு வரம்பு போடுவதும் அதே அளவு முக்கியம். மானிட்டர் 144 என்றால் 141-ல் கட்டிவையுங்கள். மெனு திரையில் 600 ஃபிரேம் ஓட்டி யாருக்கும் லாபம் இல்லை.

செம்மண் தூசி நம் பக்கத்துத் தனி எதிரி. காற்றடிக்கும் மாதங்களில் முன்பக்க ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள். பெட்டியை ஆத்தங்குடிக் கல் தரையில் அப்படியே வைக்காமல் முக்கால் அடியாவது உயர்த்தி வைத்தால் இழுக்கும் தூசி குறையும். கார்டின் விசிறியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அதுவாக வேகமெடுத்துச் சுழன்றால் பேரிங் கெடும்.

கரண்ட் விஷயத்தில் அவசரப்படாமல் ஒரு கூட்டல் போடுங்கள். 5060 கார்டு 145 வாட், விளையாட்டின்போது ரைசன் 5600 சுமார் 65, மற்றதெல்லாம் 40, ஆக 250. எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறனில் ஓடினால் சுவரிலிருந்து இழுப்பது 295. மானிட்டர் 30. மொத்தம் 325 வாட். கடையில் எல்லோரும் எடுத்துக் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட். புதிதாக இருக்கும்போது தாங்கும்; பேட்டரி ஒரு வருடம் பழசானால், கரண்ட் போன அதே கணம் பெட்டியும் அணையும். 1000 விஏ, 600 வாட் எடுங்கள். யுபிஎஸ் எதற்கு? ஆட்டத்தை முடிக்க அல்ல, சேமித்துவிட்டு அணைக்க. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தே ஓட்டுபவர்கள் அது சைன் வேவ்தானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின் இழுப்பைச் சீராக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் இரையும், சில நேரம் அணையும்; அது எஸ்எம்பிஎஸ்-இன் பழுது அல்ல.

எஸ்எம்பிஎஸ்-க்கு என்விடியா சொல்வது 5060-க்கு 550 வாட், 5060 டிஐ-க்கு 600. பிராண்டு இல்லாத 500 வாட் பெட்டிகள் அட்டையில் எழுதியதைத் தருவதில்லை. பழைய வீடுகளில் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது எர்த். கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனி சிலிர்க்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்க் கார்டை எர்த் இல்லாத ப்ளக்கில் மாட்டாதீர்கள்.

மின் கட்டணம்: இரண்டு கார்டுக்கு நடுவே 100 வாட் வித்தியாசம், தினம் நாலு மணி நேரம் என்றால், 60 நாள் பில்லில் 24 யூனிட். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஏசி ஓடும் வீட்டில் அந்த 24 யூனிட் 500 என்ற எல்லையைத் தாண்ட வைத்தால் கட்டண அடுக்கே மாறும், அப்போது சின்னத் தொகை இல்லை.

மாட்டிய அன்றே

பார்சலைப் பிரிக்கும்போது, சீல் கிழிவதிலிருந்து சீரியல் எண் தெரியும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஏஎம்டி-யிலிருந்து என்விடியா-வுக்கோ மறுபக்கமோ மாறினால், சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை ஓட்டிப் பழைய டிரைவரை நீக்கிய பிறகு கார்டை மாற்றுங்கள். எட்டு முள் கேபிளில் பிசிஐஇ என்று எழுதியதைத்தான் செருக வேண்டும். சிபியு கேபிளும் எட்டு முள்தான், ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். அழுத்தித் திணித்தால் ஷார்ட் ஆகும். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் வயரை மதர்போர்டில் அல்ல, கார்டில் மாட்டுங்கள். "கார்டு போட்டும் ஃபிரேம் கூடலைண்ணே" என்ற புகாரில் நல்ல பங்கு இந்த ஒரு வயர்தான். விண்டோஸ் திரை அமைப்பில் ஹெர்ட்ஸ் பெரும்பாலும் 60-லேயே நிற்கும், அதைக் கையால் மாற்ற வேண்டும். பயாஸில் ரீசைசபிள் பார், எக்ஸ்எம்பி இரண்டும் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் படியுங்கள். சும்மா இருக்கும்போது அது 1.1 என்று காட்டும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மையான வேகமும் லேனும் தெரியும். பிராசசர் 8500ஜி இல்லாத பெட்டியில் 16 லேன் கார்டு 4 என்று காட்டினால், பெரும்பாலும் கீழ் ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள்.

பிறகு ஃபிரேம் அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருளைப் போட்டு, நீங்கள் ஆடும் விளையாட்டில் ஒரே இடத்தில், ஒரே பாதையில், ஒரு நிமிட ஓட்டம் மூன்று எடுங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர் தொகுப்பு (வரைவு நிரல்களைத் தயாரிப்பது) நடப்பதால் தாழ்வு எண் மோசமாக வரும், அதை விட்டுவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஃபேன் மட்டும் ஓடும் அறையில், அரை மணி நேரம் ஆடிய பிறகு இன்னொன்று எடுங்கள். காலையில் எடுத்ததற்கும் இதற்கும் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் காற்றோட்டத்தையும் பவர் லிமிட்டையும் சரிசெய்து மறுபடி பாருங்கள். அதன் பிறகும் இறங்கினால், கேபினெட்டின் பக்கவாட்டுத் தட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஓட்டம். தட்டு இல்லாமல் சரியாக ஓடினால் குறை கேபினெட்டில். தட்டைக் கழற்றியும் சூடு குறையவில்லை என்றால் குறை கார்டின் பேஸ்டிலோ ஹீட்சிங்க் பொருத்தத்திலோ இருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அன்றைக்கே மாற்றக் கேட்டுவிடுங்கள்.